பேப்பரா, பிளாஸ்டிக்கா, சஞ்சியா?

போன சனிக்கிழமை வீட்டுல ஒரு சின்னச் சண்டை. காரணம் பை. கோட்டு மாட்டி வைக்கிற அலமாரியைத் திறந்தா தலை மேல பைகளா கொட்டுது. "உங்க சொத்தையெல்லாம் எடுத்து வெளிய வைங்க"ன்னு தங்கமணி உத்தரவு. சரின்னு தரையில பரப்பி எண்ணினேன். 47. கார் டிக்கியில கிடக்கிறது தனி, அதைச் சேர்க்கலை. ஊருக்குப் போறப்ப பெட்டி நிறுக்கிற தராசு இருக்கே (நம்மாளுங்க வீட்டுல உப்பு இல்லாம கூட இருக்கும், அந்தத் தராசு இல்லாம இருக்காது), அதுல மாட்டி நிறுத்தேன். அஞ்சரைக் கிலோ!

காணிப்பாக்கத்துக்காரன் சொல்றேன், எண்ணிக்கையில பொய் கிடையாது. எங்க ஊரைத் தெரியாதவங்களுக்கு: சித்தூர்ல இருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வரசித்தி விநாயகர் கோயில். கிணத்துக்குள்ள இருந்து வந்த சாமி. கடன் வாங்கலைன்னு சாதிக்கிறவனையும் திருடலைன்னு சாதிக்கிறவனையும் அங்க கூட்டிட்டு வந்து பிரமாணம் பண்ணச் சொன்னா, பாதிப் பேர் வழியிலயே உண்மையைக் கக்கிடுவாங்க. நான் பேங்குல கடன் பிரிவுல உட்கார்ந்திருக்கேன், பல நாள் நினைச்சிருக்கேன், நம்ம பிரான்ச்சுல அந்தக் கிணறு ஒண்ணு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு :-)

சரி, 47 பை எப்படி வந்தது? நாங்க இருக்கிறது நியூஜெர்சி. இங்க 2022 மே 4-ஆம் தேதியிலிருந்து கடைகள்ல பிளாஸ்டிக் பை கொடுக்கக் கூடாது. கொஞ்சம் பெரிய மளிகைக் கடைன்னா, அதாவது 2,500 சதுர அடிக்கு மேலன்னா, பேப்பர் பையும் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவுல வேற பல இடத்துல பிளாஸ்டிக்கை மட்டும் தடுத்துட்டு, பேப்பர் பையைக் காசுக்குக் கொடுக்கலாம்னு விட்டாங்க. இங்க ரெண்டையும் சேர்த்து நிறுத்தினாங்க. வீட்டிலிருந்து பை எடுத்துட்டு வா, இல்லைன்னா கடையில தடிப் பை ஒண்ணு வாங்கு.

நாம என்ன செய்வோம்? பையை டிக்கியில விட்டுட்டு கடைக்குள்ள போவோம். பில் போடறப்ப ஞாபகம் வரும். குளிர்ல திரும்பப் போக சோம்பல். "ஒரு டாலர்தானே"ன்னு புதுசு ஒண்ணு. வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுக்கிற கடைகள்ல ஆர்டர் பண்ணினா இன்னும் மோசம், ஒவ்வொரு தடவையும் அஞ்சாறு புதுப் பையிலதான் வரும். திருப்பி வாங்கிக்க மாட்டாங்க. இப்படித்தான் 47.

இதுல எனக்குக் கோபம் என்னன்னா, அந்தத் தடிப் பைகளும் பிளாஸ்டிக்தான். துணி மாதிரி தெரியும், பாலிப்ரொப்பிலீன். அஞ்சரைக் கிலோ பிளாஸ்டிக்கை அலமாரியில வச்சுக்கிட்டு "நாங்க பிளாஸ்டிக்கை ஒழிச்சுட்டோம்"னு நினைச்சுட்டு இருக்கேன்.

2006-ல இந்த ஊருக்கு வந்த முதல் வாரம், சூப்பர் மார்க்கெட் கவுண்டர்ல இருந்த பொண்ணு "பேப்பர் ஆர் பிளாஸ்டிக்?"னு கேட்டது. எனக்கு அது கார்டா காசான்னு கேட்கிற மாதிரி விழுந்தது. "கேஷ்"னு சொன்னேன். அது சிரிச்சுட்டு பேப்பர் பையில போட்டுக் கொடுத்தது. பழுப்பு நிறப் பேப்பர் பை, கைப்பிடி கூட இல்லை. வெளிய மழை. பால் கேன் நனைஞ்சு, அடி பிஞ்சு, பார்க்கிங்ல பாதாம் கொட்டைகளைப் பொறுக்கினேன். அடுத்த தடவையிலிருந்து கேள்வி முடியறதுக்கு முன்னாடியே "பிளாஸ்டிக்!"

அந்தக் கேள்விக்கு உண்மையில எது சரியான பதில்? நான் பி.காம் படிச்சவன். ரெண்டு திட்டம் வந்தா எது எத்தனை வருஷத்துல முதலைத் திருப்பும்னு பார்க்கிறதுதான் பிழைப்பு. பைக்கும் அப்படி ஒரு கணக்கைப் போட்டு வச்சிருக்காங்க. இங்கிலாந்தோட சுற்றுச்சூழல் அமைப்பு 2011-ல ஒரு அறிக்கை வெளியிட்டது. கடையில இலவசமாக் கொடுப்பாங்களே மெல்லிசு கவர், அதோட எடை ஏறக்குறைய 8 கிராம். அதே அளவு சாமான் பிடிக்கிற பேப்பர் பை 55 கிராம். துணிப்பை 183 கிராம். கச்சாப் பொருள் எடுக்கிறதிலிருந்து கடைசியில குப்பையில போடுற வரைக்கும் புவி வெப்பமாகிறதுக்கு எது எவ்வளவு காரணம்னு கூட்டிப் பார்த்தா, பேப்பர் பையை 3 தடவை பயன்படுத்தினாத்தான் ஒரு தடவை பயன்படுத்தின மெல்லிசு கவரோட அது சமமாகும். என் அலமாரியில இருக்கிற பாலிப்ரொப்பிலீன் பைன்னா 11 தடவை. பருத்தித் துணிப்பைன்னா 131 தடவை!

பேப்பருக்கு ஏன் இந்த நிலைமைன்னா, முதல் காரணம் எடை. ஒரு டன் பேப்பர்ல சுமார் 18,000 பை வரும். ஒரு டன் பிளாஸ்டிக்ல 1,23,000 கவர். ஒரு லாரி கவருக்குப் பதிலா ஏழு லாரி பேப்பர் பை ஓடணும். அப்புறம் மரக்கூழ் காய்ச்சத் தண்ணியும் சூடும் ரசாயனமும். குப்பை மேட்டுல காத்துப் படாம அடியில மக்கினா பேப்பர்லயும் மீத்தேன் வரும். எல்லாப் பேப்பரும் மரம் வெட்டித்தான்னு சொல்ல முடியாது, கரூர் பக்கம் காகிதபுரத்துல அரசு ஆலையில கரும்புச் சக்கையிலயே பேப்பர் பண்றாங்க. ஆனா லாரிக் கணக்கும் தண்ணிக் கணக்கும் அப்பவும் இருக்கும்.

2018-ல டென்மார்க் அரசு இன்னொரு அறிக்கை விட்டது. அதுலதான் துணிப்பையை 7,100 தடவை பயன்படுத்தணும், இயற்கை முறைப் பருத்தின்னா 20,000 தடவைன்னு வந்து, வாட்ஸ்அப்ல இன்னிக்கும் சுத்துது. தினமும் ஒரு தடவைன்னு வச்சாக் கூட 20,000 தடவைக்கு ஐம்பத்தஞ்சு வருஷம். பேரனுக்கு உயில் எழுதி வைக்கணும். இதைக் காட்டி "பார்த்தியா, பிளாஸ்டிக்தான் நல்லது"ன்னு எனக்கே ரெண்டு மூணு பேர் அனுப்பினாங்க. அவங்க முழுசாப் படிக்கலை. அந்த 7,100 எல்லா விதமான பாதிப்பையும் பார்த்து, அதுல எது மோசமோ அதை மட்டும் எடுத்துச் சொன்ன எண். துணிப்பை விஷயத்துல அது ஓசோன் படலம் சம்பந்தப்பட்டது. வெப்பமாகிறதை மட்டும் பார்த்தா அதே அறிக்கையில சாதாரணப் பருத்திப் பைக்கு 52 தடவைதான். வாரம் ஒரு தடவை கடைக்குப் போனா ஒரே வருஷம்.

இன்னொண்ணு. இந்தக் கணக்குகள் ஐரோப்பாவுல போட்டது. அங்க குப்பை தொட்டிக்குப் போகும், தொட்டியிலிருந்து எரிக்கிற இடத்துக்கோ புதைக்கிற இடத்துக்கோ போகும். கவர் காத்துல பறந்து வேப்பமரத்துல மாட்டி, மழைக்குச் சாக்கடையை அடைச்சு, மாட்டு வயித்துக்குள்ள போகும்கிற வரவு செலவே அந்த ஐந்தொகையில ஏறலை. எங்க பாஷையில சொன்னா, பெரிய பொறுப்பு ஒண்ணைக் கணக்குக்கு வெளிய வச்சிட்டாங்க. இந்த மாதிரி ஐந்தொகையோட ஒருத்தர் கடன் கேட்டு வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அது எவ்வளவு பெரிய பொறுப்புன்னு எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு சொல்றேன். இதை இதுவரைக்கும் எழுதினதில்லை.

அப்பா கோயில் தெருவுல சின்னதா பூஜை சாமான் கடை வச்சிருந்தார். தேங்காய், பழம், கற்பூரம், அருகம்புல். சாமானைப் பேப்பர் பையிலயோ மந்தாரை இலையிலயோ கட்டித் தருவார். மேலே தொங்குற சணல் கண்டுலயிருந்து நூலை இழுத்து நாலு சுத்து சுத்தி ஒரு சுண்டு, அறுந்துடும். அந்தச் சுண்டு எனக்குக் கடைசி வரைக்கும் வரவே இல்லை. பேப்பர் பை எங்க தெருவுலயே நாலஞ்சு அக்காங்க ஒட்டுவாங்க. பழைய 'ஈநாடு', பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள், எல்லாம் எடைக்கு வாங்கி, மைதாப் பசை காய்ச்சி, திண்ணையில உட்கார்ந்து மத்தியானம் பூரா ஒட்டுவாங்க. நூறு நூறாக் கட்டிக் கொண்டு வந்து கொடுத்துட்டுக் காசு வாங்கிட்டுப் போவாங்க. (அச்சு மை சாப்பாட்டுல ஒட்டக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்பச் சொல்லுது, 2023-லயும் சொன்னது. சரிதான். அந்தக் காலத்துல சூடான வேர்க்கடலையை அச்சு மையோடதான் தின்னு வளர்ந்தோம்.)

நான் சித்தூர்ல பி.காம் படிச்சப்ப, 1998 லீவுல, அப்பாவோட கடைக் கணக்கை ஒழுங்கு பண்றேன்னு உட்கார்ந்தேன். காஸ்ட் அக்கவுண்டிங் புதுசாப் படிச்ச திமிர். பேப்பர் பைக்கு எவ்வளவு, சணலுக்கு எவ்வளவு, கட்டற நேரம் எவ்வளவுன்னு பிரிச்சுப் போட்டேன். பக்கத்துக் கடையில பிளாஸ்டிக் கவர் வந்துடுச்சு, விலை பாதி கூட இல்லை. "நீங்க செலவை வீணடிக்கிறீங்கப்பா"ன்னு ஒரு பக்கத்துக்குக் கணக்கு எழுதிக் காட்டினேன். அப்பா அதைப் பார்த்துட்டு, "அந்தப் பொண்ணுங்களுக்கு என்னடா சொல்றது?"ன்னு மட்டும் கேட்டார். எனக்கு அது கணக்குல வராத கேள்வியாத் தெரிஞ்சது. நான் விடலை. ஒரு மாசத்துல கவருக்கு மாறினார். வருஷக் கடைசியில லாபம் கூடியிருந்தது, என் கணக்கு தப்பே இல்லை. அக்காங்க பை ஒட்டறதை விட்டுட்டாங்க, ஒருத்தங்க மாம்பழக் கூழ் பேக்டரிக்கு சீசன் வேலைக்குப் போனாங்க.

நாலு வருஷம் கழிச்சு சின்னம்மா வீட்டு மாடு செத்துப் போச்சு. லட்சுமின்னு பேரு. வயிறு உப்பி, அசை போடாம, பத்து நாள் நின்னுக்கிட்டே இருந்தது. டாக்டர் வந்து பார்த்துட்டு இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டார். அப்புறம் வயித்தை அறுத்துப் பார்த்தப்ப ஒரு பெரிய உருண்டை வந்தது. கவர், கவர், கவர், நைலான் கயிறு, மறுபடி கவர். மாடு உதட்டால பிரிச்சுத் தின்னாது. பழத்தோல் வாசனை வந்தா கவரோட சேர்த்து முழுங்கும். முதல் இரைப்பையிலயே தங்கிடும், வெளிய வர வழி இல்லை. நான் அப்ப லீவுல வந்திருந்தேன். சின்னம்மா ஒண்ணுமே பேசலை. அந்த உருண்டையில எங்க கடைக் கவர் எத்தனைன்னு யாராலயும் சொல்ல முடியாது. கோயில் தெருவுல இருபது கடை. ஆனா எங்க கவர் இல்லைன்னு கிணத்துப் பக்கத்துல நின்னு என்னால பிரமாணம் பண்ண முடியுமா? முடியாது.

இது எங்க ஊர்க் கதை மட்டும் இல்லை. அதே ராயலசீமாவுல, புட்டபர்த்தியில இருக்கிற கருணா சொசைட்டிங்கிற பிராணிகள் காப்பகம், மாட்டு வயித்துலருந்து அறுவை பண்ணி கிலோ கணக்குல பிளாஸ்டிக் எடுத்து, 2012-ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 'பிளாஸ்டிக் கவ்'னு அதைப் பத்தி ஒரு ஆவணப்படம் கூட இருக்கு. மனசு திடமா இருந்தாப் பாருங்க.

சரி, பிளாஸ்டிக்தான் வில்லன்னு முடிச்சிடலாமா? எனக்கு அப்படியும் தோணலை. நம்ம அம்மாக்கள் கையில இருந்த ஒயர் கூடை என்ன? சுத்தமான பிளாஸ்டிக். எங்க அம்மாவோட சிவப்பு வெள்ளை ஒயர் கூடை என்னை விட நாலு வயசுதான் சின்னது. கைப்பிடி அறுந்தா புது ஒயர் போட்டுப் பின்னிக்குவாங்க. உரச் சாக்கை வெட்டித் தைச்ச பையும் பிளாஸ்டிக்தான். இதெல்லாம் ஆத்துல மிதந்து நான் பார்த்ததில்லை. ஏன்னா அதுக்கு ஒரு விலை இருந்தது, வீட்டுல ஒரு ஆணி இருந்தது. எங்க பக்கம் பைக்கு 'சஞ்சி'ன்னுதான் பேரு, தெலுங்குலருந்து ஒட்டிக்கிட்ட வார்த்தை. "சஞ்சி எடுத்துட்டுப் போடா"ன்னா ஆணியில மாட்டியிருக்கிற அந்த ஒண்ணுதான். தாம்பூலப் பை வந்தா அது கிழியற வரைக்கும் பை, கிழிஞ்சா அடுப்படியில கரித்துணி, அதுவும் போனா மிதியடி. 131 தடவை எல்லாம் அதுக்கு ஒரு கணக்கா?

இந்த மெல்லிசு கவரை சுவீடன்ல ஸ்டென் குஸ்டாஃப் துலின்னு ஒரு இன்ஜினியர் உருவாக்கினார், 1965-ல அமெரிக்கக் காப்புரிமை வாங்கினாங்க. பேப்பர் பைக்காக மரம் வெட்டறது குறையணும், இதை மடிச்சுப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தணும்னுதான் அப்பா நினைச்சார்னு அவரோட மகன் பின்னாடி சொல்லியிருக்கார். படிச்சப்ப எனக்கு எங்க கடைக் கணக்கு ஞாபகம் வந்தது. அவரும் ஒரு செலவைக் குறைக்கத்தான் போனார்.

திருமலைக்கு வருவோம். லட்டு நெய்யில ஊறினது. பேப்பர்ல கட்டினா அரை மணியில அடி கனிஞ்சுடும். ரொம்ப வருஷம் பிளாஸ்டிக் கவர்தான் ஓடினது, ஒரு நாளைக்கு லட்சக்கணக்குல லட்டு போற இடம், யோசிச்சுக்கோங்க. அப்புறம் சணல் பை, அட்டைப் பெட்டின்னு போய், 2021 ஆகஸ்டுல டி.ஆர்.டி.ஓ. உருவாக்கின மக்கிப் போற பையை விக்கிறதுக்கு அங்க கவுண்டர் திறந்தாங்க. ராக்கெட் பண்றவங்க லட்டுக்குப் பை பண்ணினதுல எனக்கு ரொம்பப் பெருமை. 2022 ஜூன்லருந்து மலை மேல பிளாஸ்டிக்குக்கே தடை, அலிபிரியிலயே பார்த்துத்தான் விடறாங்க. நான் போனப்ப மலை சுத்தமா இருந்தது. ஆனா மக்கற பைன்னு பேரு இருக்கிறதால அதைக் காட்டுல எறியலாம்னு அர்த்தம் இல்லை; அது மக்கறதுக்கும் ஈரம், சூடு, நுண்ணுயிர் எல்லாம் சேரணும். மலை இறங்கி ஊருக்கு வந்தா அதே பழைய கவர்தான்.

தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லிருந்து தடை. 2021 டிசம்பர்ல 'மீண்டும் மஞ்சப்பை' ஆரம்பிச்சு, கோயம்பேட்டுல பத்து ரூபா போட்டா பை வர்ற மெஷின் வச்சாங்க. மத்திய அரசு மைக்ரான் கணக்கை 20, 40, 50, 75, 120-ன்னு ஏத்திக்கிட்டே வருது. ஒரு பூக்காரம்மா கையில மைக்ரான் அளக்கிற கருவி இருக்குமா? அபராதம் மட்டும் அவங்களுக்கு வரும், கவர் தயாரிச்சவனுக்கு வராது. இந்தத் தடிமன் விதியில எனக்கு நம்பிக்கை இல்லை. கலிபோர்னியாவுல இதே கூத்து நடந்தது. மெல்லிசைத் தடுத்துட்டுத் தடிசைப் பத்து சென்டுக்கு விட்டாங்க, ஜனங்க தடிசையும் ஒரே தடவையில தூக்கிப் போட்டாங்க. கடைசியில 2024-ல வேற சட்டம் கொண்டு வந்து அதையும் நிறுத்த வேண்டியதாச்சு.

என்னைக் கேட்டா அயர்லாந்துக்காரன் பண்ணினதுதான் சரி. 2002 மார்ச்சுல ஒரு கவருக்கு 15 சென்ட் வரி போட்டான். எந்தப் பொருள், எத்தனை மைக்ரான்னு பெரிய ஆராய்ச்சி எல்லாம் இல்லை. கவர் பயன்பாடு தொண்ணூறு சதவீதத்துக்கு மேல விழுந்தது. பணம் இல்லாதவனுங்க இல்லை அவங்க. பில்லுல தனியா ஒரு வரி வந்ததும் கண்ணுக்குத் தெரிஞ்சது, அவ்வளவுதான். இலவசமா வர்றதை யாரும் எண்ண மாட்டாங்க. நியூஜெர்சியில என் தப்பும் அதேதான், ஒரு டாலர் எனக்கு உறைக்கலை. திருப்பிக் கொடுத்தா முக்கால் டாலர் திரும்பி வரும்னு கடைக்காரன் சொல்லியிருந்தா 47 சேர்ந்திருக்குமா? சோடா பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து நாலணா வாங்கித் தேன்மிட்டாய் தின்ன வம்சம் நாம.

இந்த இடத்துல நம்ம பெண்கள் கிட்ட அடி வாங்கப் போறேன். இருந்தாலும் சொல்லிடறேன். எடிசன்ல நவராத்திரி ஒன்பது நாள், ஒரு நாளைக்கு நாலு வீடு. ஒவ்வொரு வீட்டுலயும் வெத்தலைப் பாக்கோட ஒரு புதுப் பை. சணல் பை, ஜரிகை வச்ச பை, பிள்ளையார் போட்ட பருத்திப் பை. பிறந்தநாள் விழான்னா குழந்தை படம் அச்சடிச்ச பை. அடுத்த வீட்டுக் குழந்தை படத்தை மாட்டிக்கிட்டு யாரு காஸ்ட்கோவுக்குப் போவாங்க? என் 47-ல 19 இப்படி வந்தது. பிளாஸ்டிக் வேண்டாம்னு நல்ல எண்ணத்துலதான் கொடுக்கறீங்க, தெரியும். ஆனா ஒரு தடவை கூட வெளிய போகாத பருத்திப் பைதான் இருக்கிறதுலயே மோசமான பை. அந்தப் பருத்திக்கு விதர்பாவுலயோ குண்டூர்லயோ ஒருத்தர் தண்ணி பாய்ச்சியிருக்கார், மருந்து அடிச்சிருக்கார். ஒரு வருஷம் தேங்காயைச் சும்மா கையில கொடுத்துப் பாருங்களேன். வாங்கறவங்க சஞ்சி கொண்டு வரட்டும்.

இதைச் சாப்பாட்டு மேசையில சொன்னதுக்குத்தான் சனிக்கிழமை சண்டை பெரிசாச்சு.

முடிவு என்னாச்சுன்னா, பத்துப் பை காருக்கு. அதுவும் டிக்கியில இல்லை, பக்கத்து சீட்டுல, இறங்கறப்ப கண்ணுல படற மாதிரி. பாக்கியில முப்பதை விநாயகர் சவிதிக்கு ஊருக்குப் போறப்ப எடுத்துட்டுப் போய்த் தெருக் கடைகள்ல கொடுத்துடலாம்னு யோசிச்சேன். அங்க இருபத்தோரு நாள் பிரம்மோற்சவம், கூட்டம் அள்ளும். அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "பிளாஸ்டிக் சஞ்சியை அமெரிக்காலருந்து இங்க கொண்டாந்து போடப் போறியா? பகுதா ஆத்துல இருக்கிறது பத்தலையா?"ன்னாங்க. எங்க ஆத்துக்கு அந்தப் பேரு வந்ததே ஒரு கதை. அனுமதி இல்லாம ஒரு பழம் பறிச்சதுக்குக் கை வெட்டப்பட்டவன், அதுல முழுகி எழுந்தப்ப கை திரும்ப முளைச்சதாம். இப்ப வருஷத்துல பாதி நாள் தண்ணி கிடையாது, மணல்ல பாதி புதைஞ்ச கவர்தான்.

அம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. பை ஒட்டின அக்காங்கள்ல ஒருத்தங்க இப்பவும் அதே தெருவுலதான் இருக்காங்களாம். கண்ணு சரியாத் தெரியலையாம். பேத்தி தையல் மெஷின் வச்சிருக்கா, பழைய புடவையில சஞ்சி தைச்சுக் கடைகளுக்குக் கொடுக்கலாமான்னு கேட்டாளாம், மெஷினுக்கு மோட்டார் போடணுமாம். எவ்வளவு ஆகும்னு கேட்டு வைங்கன்னு சொல்லியிருக்கேன்.

உங்க வீட்டு அலமாரியில எத்தனை? காருல இருக்கிறதையும் சேர்த்து, பொய் சொல்லாம எண்ணிட்டுச் சொல்லுங்க.

டிஸ்கி: நவராத்திரி பத்தின பத்தி முழுக்க என் சொந்தக் கருத்து. தங்கமணிக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைன்னு எழுதச் சொல்லிப் பக்கத்துல நிக்கிறாங்க :-)